விருந்துக்கு கலர் சர்பத் பஞ்ச்: கலர் பவுடர் இல்லாமல் 20 பேருக்கு எளிதாகச் செய்வது எப்படி?

வீட்டுக்கு 20 பேர் வருகிறார்கள். பிறந்தநாள், புதுமனை புகுவிழா, இஃப்தார், ஆபீஸ் நண்பர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமை என எதுவாகவும் இருக்கலாம். வந்தவர்கள் உட்கார்ந்ததும் கையில் கொடுக்க ஜில்லென்று, பார்க்கவும் அழகாக ஏதாவது வேண்டும். பல வீடுகளில் இதற்கு இரண்டு வழிதான். பெரிய பாட்டில் கூல்டிரிங்க்ஸ் வாங்குவது, இல்லையென்றால் கெட்டியான கலர் சிரப்பை தண்ணீரில் கலப்பது. இரண்டிலுமே வேலை குறைவு. ஆனால் ஒரு கிளாஸுக்குள் என்ன போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. நிறத்தை பானத்தில் கலக்காமல் ஐஸ் கட்டியில் வைத்துவிடுவது. அடிப்படை பானம் வெறும் எலுமிச்சை சர்பத், அதற்கு நிறமே கிடையாது. அதில் சிவப்பு, மஞ்சள், நீல ஐஸ் கட்டிகளைப் போட்டால், அவை உருக உருக கிளாஸின் நிறம் மாறிக்கொண்டே வரும். குழந்தைகளுக்கு இதுவே ஒரு வேடிக்கை. முந்தின நாள் இரவே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம்.

சர்பத்தும் பஞ்ச்சும்

'குடிப்பது' என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து வந்து, பாரசீகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்த சொல் சர்பத். அதே சொல் மேற்கே போய் இத்தாலியில் 'சோர்பெட்டோ', ஆங்கிலத்தில் 'ஷெர்பெட்' ஆனது. நாம் பாட்டிலில் வாங்கும் 'சிரப்' என்ற சொல்லும் அதே வேர்தான்.

'பஞ்ச்' எதிர்த்திசையில் பயணித்த சொல். 1632-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களின் கடிதம் ஒன்றில் அது வருகிறது. மது, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என ஐந்து பொருள் சேர்ந்ததால் 'பாஞ்ச்' (ஐந்து) என்ற இந்தியச் சொல்லே அப்படி ஆனது என்று ரொம்ப காலமாகச் சொல்கிறார்கள். மொழி ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. நாம் பார்க்கப்போவது மது இல்லாத வகை.

அமெரிக்காவில் 'ஷெர்பெட் பஞ்ச்' என்றால் பழச்சாறும் கொஞ்சம் பாலும் சேர்த்து உறைய வைத்த இனிப்பை, பெரிய கிண்ணத்தில் இஞ்சி சோடா மேல் மிதக்க விடுவது. நுரை பொங்கும், நிறம் பரவும். கலர் ஐஸ் யோசனையும் கிட்டத்தட்ட அதுதான். இங்கே அந்த ஷெர்பெட்டைத் தேடி அலைய வேண்டாம் என்பது மட்டும் வித்தியாசம்.

20 பேருக்கு எவ்வளவு?

ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 40. 200 மி.லி. கிளாஸில் 125 மி.லி. பானமும் மூன்று ஐஸ் கட்டிகளும் போட்டால் சரியாக இருக்கும். அப்படியென்றால் 5 லிட்டர் பானமும் 120 ஐஸ் கட்டிகளும் வேண்டும்.

120 என்றதும் பயம் வேண்டாம். சாதாரண ட்ரேயில் ஒரு கட்டி சுமார் 20 மி.லி. வரும். மொத்தம் 2.4 லிட்டர், நிறத்துக்கு 800 மி.லி. நான்கு ட்ரே இருந்தால் இரண்டு நாளில், உறைந்ததை எடுத்து ஜிப் கவரில் போட்டுவிட்டு மறுபடி ஊற்றி, முடித்துவிடலாம். நிறத்துக்கு ஒரு கவர் வையுங்கள். ஒன்றாகப் போட்டால் ஒட்டிக்கொள்ளும், நிறமும் கலந்துவிடும்.

சிவப்பு கட்டிக்கு கோகம். கோவாவிலும் கொங்கண் கரையிலும் கோடைக்கு சர்பத் போடுகிற அதே பழம். நம்ம ஊர் குடம்புளிக்கு உறவு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காய்ந்த கோகம் தோல் 100 கிராமை 900 மி.லி. சுடுநீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, கையால் பிசைந்து வடிகட்டினால் அடர்ந்த சிவப்பில் சாறு கிடைக்கும். வாங்கும்போது கவனம்: 'ஆகள்' என்ற பெயரில் விற்கும் உப்பு போட்ட கோகம் சாறு இதற்கு ஒத்துவராது. கோகம் கிடைக்கலையா? ஒற்றை அடுக்கு சிவப்பு செம்பருத்தி இதழ்களை சுடுநீரில் போட்டு, நிறம் இறங்கியதும் சில சொட்டு எலுமிச்சை விடுங்கள், பளிச்சென்று சிவக்கும். பீட்ரூட்டும் நிறம் தரும். ஆனால் அதன் மண்வாசனை சர்பத்தில் தனியாகத் தெரியும் என்பதால் என் சாய்ஸ் அது இல்லை.

மஞ்சளுக்கு மாம்பழம். 400 மி.லி. கூழும் 400 மி.லி. தண்ணீரும் அடித்தால் போதும். டப்பாவில் வரும் கூழ் என்றால் லேபிளைப் பாருங்கள், பலவற்றில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும். சீசன் இல்லாத மாதங்களில் அன்னாசி.

நீலத்துக்கு சங்குப்பூ. காய்ந்த பூ 5 கிராமை 800 மி.லி. சுடுநீரில் பத்து நிமிடம் போட்டு வடிகட்டினால் மை போன்ற நீலம். வீட்டுக் கொடியிலிருந்து புதுப்பூ பறித்தால் பச்சைக் காம்பையும் புல்லிவட்டத்தையும் கிள்ளிவிடுங்கள். பூச்சிமருந்து அடித்த செடி, ரோட்டோர வேலிச் செடி வேண்டவே வேண்டாம். இந்தப் பூவின் சாற்றை உணவு நிறமாகப் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2021-ல் அனுமதி கொடுத்திருக்கிறது.

எந்தக் கட்டியிலும் சர்க்கரை சேர்க்காதீர்கள். சர்க்கரை கூடக் கூட உறைவது தாமதமாகும், கட்டியும் பொலபொலவென்று இருக்கும்.

அடிப்படை பானம் ரொம்ப சுலபம். 400 கிராம் சர்க்கரையை 400 மி.லி. தண்ணீரில் கரையும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள், சுமார் 650 மி.லி. பாகு வரும். 12 எலுமிச்சை பிழிந்தால் சுமார் 300 மி.லி. சாறு. இரண்டு டேபிள்ஸ்பூன் தெளிந்த இஞ்சிச் சாறு, இரண்டு டீஸ்பூன் இந்துப்பு. இவற்றோடு இரண்டு லிட்டர் குளிர்ந்த தண்ணீர் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இனிப்பில்லாத பிளெயின் சோடா இரண்டு லிட்டரை விருந்தாளிகள் வந்தபிறகு ஊற்றினால் போதும். முன்னாடியே ஊற்றினால் வாயு போய்விடும். நாலு டேபிள்ஸ்பூன் சப்ஜா விதையைத் தனியாக 20 நிமிடம் ஊறவைத்து, பரிமாறும்போது கிளாஸுக்கு ஒரு ஸ்பூன் போடலாம். காஷ்மீரில் நோன்பு திறக்கும்போது சப்ஜா சர்பத் கட்டாயம் இருக்கும்.

கலக்கும் பாத்திரம் கண்ணாடியோ எவர்சில்வரோ போதும். அழகுக்காக பித்தளை, செம்புக் குடத்தை எடுக்காதீர்கள். எலுமிச்சையின் அமிலம் அந்த உலோகத்தைக் கரைத்துக்கொண்டு வரும்.

எந்த நிறத்தோடு எந்த நிறம்?

ஆர்வத்தில் மூன்று கட்டியையும் ஒரே கிளாஸில் போட்டால் முதல் ஐந்து நிமிடம் அமர்க்களமாக இருக்கும். பத்தாவது நிமிடம் சேற்றுத் தண்ணீர். காரணம் எளிது. சங்குப்பூவின் நீலத்தைத் தருவது ஆந்தோசயனின் வகை நிறமி. அமிலம் பட்டால் அது ஊதாவுக்கு மாறும், பள்ளியில் பார்த்த லிட்மஸ் காகிதம் மாதிரி. எலுமிச்சை சர்பத்தில் நீலக் கட்டி உருகும்போது அதைச் சுற்றி ஊதா இழைகள் இறங்குவதைப் பார்க்கலாம். ஊதாவும் மஞ்சளும் கலந்தால் பழுப்புதான் மிஞ்சும்.

அதனால் மாம்பழக் கட்டியும் சங்குப்பூக் கட்டியும் ஒரே கிளாஸில் வேண்டாம். கோகமும் மாம்பழமும் சேர்ந்தால் சூரிய அஸ்தமன ஆரஞ்சு. கோகமும் சங்குப்பூவும் சேர்ந்தால் நாவல்பழ நிறம். சங்குப்பூ மட்டும் மூன்று கட்டி போட்டால் நிறம் மாறும் வித்தை மிகத் தெளிவாகத் தெரியும், குழந்தைகள் மேஜைக்கு அதுதான் சரி. பெரிய கிண்ணத்தில் மொத்தமாக எல்லாவற்றையும் கொட்டுவதைவிட, மூன்று கிண்ணத்தில் கட்டிகளை வைத்து அவரவர் எடுத்துக்கொள்ளும்படி விட்டால் நல்லது.

கடை சிரப்பில் என்ன பிரச்னை?

சட்டப்படி பார்த்தால் பிரச்னை இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எட்டு செயற்கை நிறங்களை அனுமதிக்கிறது. சிவப்பில் பொன்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின். மஞ்சளில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ. நீலத்தில் இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் ப்ளூ. பச்சையில் ஃபாஸ்ட் கிரீன். லேபிளில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் 102, 110, 122, 124, 127, 132, 133, 143 ஆகியவை இவைதான்.

குடிக்கும் நிலையில் உள்ள பானத்தில் இவை 100 பி.பி.எம்-க்கு மேல் போகக்கூடாது. அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம். தொழிற்சாலையில் இதை அளந்து போட முடியும், வீட்டில் கேசரி பவுடர் போடும்போது முடியாது. நம்முடைய 5 லிட்டர் பானத்துக்கு இந்த வரம்பு மொத்தமே அரை கிராம் நிறமிதான். ஒரு டீஸ்பூன் உப்பு 5, 6 கிராம் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கை கைவிரலால் எப்படி எடுப்பது? பவுடரில் சுத்தமான நிறமி எத்தனை சதவீதம் என்பதும் பாக்கெட்டுக்கு பாக்கெட் மாறும். "இன்னும் கொஞ்சம் கலர் வேணும்" என்று இரண்டாவது சிட்டிகை போடும்போது வரம்பு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று. 2007-ல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடித்த 3 வயது மற்றும் 8-9 வயதுக் குழந்தைகளிடம் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் கூடியதாக அது சொன்னது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இது வலுவான ஆதாரம் இல்லை என்றது. இருந்தாலும் 2010 முதல் ஆறு நிறங்களுக்கு ஐரோப்பாவில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அந்த ஆறில் நான்கு, டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர், நம் பட்டியலிலும் இருக்கின்றன. இங்கே அந்த வாசகம் தேவையில்லை.

எரித்ரோசின் கதை இன்னும் புதியது. உணவில் அதற்கான அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் ரத்து செய்தது, உற்பத்தியாளர்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். எலிகளில் புற்றுநோய் கண்டதால் அந்நாட்டுச் சட்டப்படி எடுக்க வேண்டியிருந்த முடிவு அது, மனிதர்களுக்கு அப்படி நடப்பதாக ஆதாரம் இல்லை என்றும் எஃப்.டி.ஏ சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரு கிளாஸ் ரோஸ் கலர் சர்பத் குடித்தவர் பதறத் தேவையில்லை.

பதற வேண்டியது அனுமதியே இல்லாத சாயங்களுக்கு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடும் புதுச்சேரியும் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது ரோடமின் பி என்ற துணிச்சாயம் அதில் இருந்ததால்தான். அடுத்த மாதமே கர்நாடகம் பஞ்சுமிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் செயற்கை நிறத்துக்குத் தடை போட்டது. லேபிள் இல்லாமல் பொட்டலமாக விற்கும் கலர் பவுடரை வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

சர்க்கரைக் கணக்கு

எனக்கு நிறத்தைவிட இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. சிரப் என்ற பெயரில் விற்க, கரைந்த திடப்பொருள் குறைந்தது 65% இருக்க வேண்டும் என்பது விதி. அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். இவ்வளவு கெட்டியான பாகு 30 மி.லி. எடுத்தால் எடை சுமார் 40 கிராம், அதில் சர்க்கரை சுமார் 25 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரையை வைக்கச் சொல்கிறது. பெரியவர் ஒருவருக்கு அந்த 5 சதவீதம் என்பது ஏறக்குறைய அதே 25 கிராம். ஒரு கிளாஸ் சிரப் சர்பத்தில் நாள் கணக்கு தீர்ந்தது, கேக்கை இன்னும் வெட்டவே இல்லை. சிரப்பை தண்ணீருக்குப் பதில் இனிப்பு லெமன் சோடாவில் கலப்பது இப்போது ஃபேஷன். அப்படிப்பட்ட சோடாக்களில் 100 மி.லி-க்கு 10 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன அளவில் 400 கிராம் சர்க்கரை 40 கிளாஸுக்குப் பிரிகிறது. கிளாஸுக்கு 10 கிராம். மாம்பழக் கட்டியிலிருந்து சராசரியாக ஒன்றரை கிராம் வரலாம். இரண்டு கிளாஸ் குடித்தாலும் 23 கிராம்தான். இனிப்பு பத்தலை என்று தோன்றினால் 500 கிராம் வரை போகலாம், இரண்டு கிளாஸுக்கு 28 கிராம் ஆகும்.

விருந்தாளிகள் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 20 வயதைத் தாண்டியவர்களில் 11.4% பேருக்கு நீரிழிவு, 15.3% பேர் அதற்கு முந்தைய நிலை. 20 பெரியவர்கள் கூடினால் சராசரியாக ஐந்து பேர் இந்தக் கணக்கில் வருவார்கள். அவர்கள் எல்லோருக்கும் தங்கள் நிலை தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, தெரிந்தவர்களும் சபையில் சொல்லத் தயங்குவார்கள். "மாமா, உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பதைவிட, பாகை பானத்தில் கலக்காமல் தனி ஜாடியில் வைத்துவிடுவது மேல். அவரவர் கிளாஸில் ஒரு டேபிள்ஸ்பூன் விட்டுக்கொள்ளட்டும். ஒரு டேபிள்ஸ்பூன் பாகில் சுமார் 9 கிராம் சர்க்கரை.

வெளியில் வாங்கும் ஐஸ்?

ஃப்ரீசரில் இடமில்லை என்று பாளம் ஐஸ் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உணவு அல்லாத பொருட்களைக் குளிர்விக்கத் தயாரிக்கும் ஐஸை குடிநீரில் செய்ய வேண்டிய கட்டாயம் கிடையாது. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், உண்ணத் தகாத ஐஸில் இண்டிகோ கார்மைனோ பிரில்லியண்ட் ப்ளூவோ 10 பி.பி.எம் வரை சேர்த்து நீல நிறமாக்க வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ சொன்னது, 2018 ஜூன் முதல். கடையில் வெளிர்நீலப் பாளம் கண்டால் அது உங்கள் கிளாஸுக்கு அல்ல. வெள்ளையாக இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. பாளத்தை பாட்டில்களைச் சுற்றி வைக்கப் பயன்படுத்துங்கள், கிளாஸுக்குள் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் செய்த கட்டி மட்டும். (நம்ம சங்குப்பூ ஐஸும் நீலம்தானே என்று கேட்பீர்கள். அது மை நீலம், குழம்ப வாய்ப்பில்லை. விருந்தாளி யாராவது விவரம் தெரிந்தவராக இருந்தால் விளக்கத் தயாராக இருங்கள்.)

புகை பறக்க ட்ரை ஐஸ் போடலாமா? வேண்டாம். அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில் வாய் மணக்கும் பொருள் என்று ட்ரை ஐஸைக் கொடுத்து, அதை வாயில் போட்ட ஐந்து பேர் ரத்த வாந்தியோடு மருத்துவமனைக்குப் போனார்கள். இருபது பேர் கூடிய வீட்டில், யார் கிளாஸில் ஒரு துண்டு இன்னும் கரையாமல் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நுரைதான் வேண்டும் என்றால் ஐஸ்கிரீம் ஸ்கூப்பை சோடாவில் போடுங்கள். ஐஸ் துகள்கள் மேல் வாயுக் குமிழிகள் உருவாகும், பால் புரதமும் கொழுப்பும் அவற்றை உடையாமல் பிடித்து வைக்கும், அதுதான் நுரை. எலுமிச்சை பானத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பால் திரிந்து திப்பி திப்பியாக மிதக்கும். வெறும் சோடாவும் மாம்பழக் கட்டியும் அதற்குப் பொருத்தம். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று லேபிளில் இருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். நுரைக்கு அதுவும் ஓகே.

மீந்துபோனால்?

சோடா கலந்ததை வைத்துப் பயனில்லை. அதனால் ஐந்து லிட்டரையும் ஒரே தடவையில் கலக்காமல் இரண்டரை இரண்டரையாகக் கலக்குங்கள். மாம்பழம் கலந்து வெளியில் நின்ற கிளாஸ்களைக் கொட்டிவிடுங்கள். பாகு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். கலர் கட்டிகள் கவரில் இறுக்கிக் கட்டினால் இரண்டு, மூன்று வாரம் ஃப்ரீசரில் இருக்கும், பிறகு ஃப்ரீசர் வாசனை ஏறிவிடும். பிழிந்த கோகம் தோலைத் தூக்கிப் போடாதீர்கள், புளிக்குப் பதிலாக மறுநாள் பருப்பில் போடலாம்.